சேற்றுக்கு வந்த தாம்பூலம்

எனக்கு மறதி வராது. நல்லது செய்தவர்களை மறந்தாலும் மறப்பேன். என்னைப் பார்த்துச் சிரித்தவன் அன்று போட்டிருந்த சட்டையின் நிறம்கூட மறக்காது. "ஒங்களுக்கு ரத்தக் கொதிப்பு வந்தது உப்புனால இல்ல, இந்தக் கொணத்தாலதான்" என்பாள் என் மனைவி. இருக்கட்டுமே. என் அக்கா வீட்டுக்காரர் அன்று போட்டிருந்தது ஊதா நிறப் பட்டுச் சட்டை.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சண்டையே மீனால் வந்ததுதான்.

மலாய்க்காரர்கள் பாஜி என்று சொல்லும் மீனை எங்கள் ஆட்கள் மார்க்கெட்டில் அதிகம் சீண்டமாட்டார்கள். பார்க்கச் சகிக்காது. யாரோ பூட்ஸ் காலோடு ஏறி மிதித்த மாதிரி தட்டையான தலை, மேலே பார்க்கும் இரண்டு கண்கள், சேற்று நிறத் தோல். செவுளோரம் இருக்கிற முள் கையைக் கிழித்துவிடும். ஆனால் சதை வெள்ளை வெளேரென்று இருக்கும், குழம்பில் கரையாது. ஒருமுறை தின்றவன் விடமாட்டான்.

புக்கிட் ரோத்தானில் இருக்கிற என் வீட்டிலிருந்து ஜெராம் வழியாகப் போனால் ரெமிஸ் கடற்கரை. சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டி நடந்தால் கரை உள்வாங்கி வளைந்து ஒரு சின்ன விரிகுடாவாகிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அங்கே தண்ணீர் தேத்தண்ணி மாதிரி கலங்கிக் கிடக்கும். வடகிழக்குக் காற்று அடங்கி, பங்குனி வெயில் ஏறும் வாரங்களில் மட்டும் கொஞ்சம் தெளியும். கடல் வற்றும்போது சேற்றுத் திட்டுகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால் தெரியும். அந்த வாய்க்கால் கடலில் விழுகிற இடத்தில் அடியில் மணல். பாஜி அந்த மணலுக்குள் புதைந்து, கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு படுத்திருக்கும். வற்றுகிற தண்ணீரோடு இறாலும் குஞ்சு மீனும் தானாக அதன் வாய்க்கு வந்து சேரும். அசையாமல் காத்திருந்து கடிக்கிற ஜாதி. எனக்கு அதைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

மற்றவர்கள் உயிர் இறால் போடுவார்கள். நான் போடமாட்டேன், கெளுத்தி வந்து தின்றுவிட்டுப் போய்விடும். நான் போடுவது ரப்பர் புழு. தூண்டில் சாமான் விற்கிற சீனத் தவுக்கே அதை 'சாஃப்ட் பிளாஸ்டிக்' என்பார். விரல் நீளத்தில், குஞ்சு மீன் உருவத்தில், தண்ணீரில் வாலை ஆட்டும். அதை ஈயக் குண்டு வைத்த முள்ளில் மாட்டி, வாய்க்காலின் மேல்பக்கம் வீசி, அடிமண்ணைத் தொடும்வரை விட்டு, கோலை இரண்டு முறை சுண்டிவிட்டு நிறுத்த வேண்டும். நிறுத்துவதுதான் பெரிய வேலை. புழு மறுபடி கீழே விழும்போதுதான் பாஜி எழுந்து கவ்வும். அவசரக்காரன் சுண்டிக்கொண்டே இருப்பான், வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான்.

அந்த இடத்தை எனக்கு ஒருவரும் காட்டவில்லை. எண்ணெய் மில்லில் பாய்லர் பக்கத்தில் வாரமெல்லாம் வெந்துவிட்டு, லீவு நாளில் வற்றிய கடலில் முழங்கால் சேற்றில் நடந்து, விழுந்து, சிப்பி கிழித்து, நானே கண்டுபிடித்தேன். மீன் கூடுகிற அப்படிப்பட்ட குழியைத் தூண்டில்காரர்கள் இங்கே லுபோக் என்பார்கள். லுபோக்கைப் பெற்ற தாய்க்கும் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் என் மச்சானுக்குச் சொன்னேன்.

மச்சான் என்றால் அக்காவைக் கட்டியவர். காப்புறுதிக் கம்பெனியில் மானேஜர், புஞ்சாக் ஆலாமில் மாடி வீடு. சர்க்கரை ஏறி, நடக்கச் சொன்னாராம் டாக்டர். "மாப்ள, நீ போற எடத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போயேன்லா" என்று கேட்டார். அக்கா வீட்டுக்காரர் கேட்டு இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அவர் வந்தால் ஃபேன் அவர் பக்கம் திரும்பும். கோழிக் குழம்பில் கால் அவர் தட்டில்தான் விழும். அந்தப் பழக்கதோஷத்தில் லுபோக்கையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

என் கோல், என் புழு, என் வாய்க்கால். எங்கே வீச வேண்டும் என்று தோளைப் பிடித்துத் திருப்பியதுகூட நான்தான். அவருக்கு மாட்டிய முதல் பாஜி முழங்கை நீளம். அதை நான் வலையில் எடுத்து, முள் குத்தாமல் துணியால் பிடித்துக் கொடுக்க, அவர் போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது என் வாய்க்காலில் அவருடைய ஆபீஸ் கூட்டாளிகள் வரிசையாக நின்றார்கள். நடுவில் அவர். "வா மாப்ள, அந்த ஓரமா நின்னுக்க" என்றார். என் இடத்தில் எனக்கு ஓரம்!

அதையும் பொறுத்துக்கொண்டேன். அக்காவுக்காக.

பிறகு பதவி உயர்வு என்று வீட்டில் விருந்து வைத்தார். வாசலில் கூடாரம், ஆட்டுக்கறி, ஊதாச் சட்டை. அப்பா இறந்து வருஷம்கூடத் திரும்பவில்லை. கூட்டாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ரெமிஸ் லுபோக்கைத் தான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கதை அளந்துகொண்டிருந்தார். கடல் வற்றும் நேரத்தைக் கணக்குப் போட்டாராம், சேற்றில் தனியாக நடந்தாராம். கேட்டுக்கொண்டே வந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்: "மச்சான், அந்த எடத்த நான்தான காட்டுனேன்?"

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு கூட்டாளிகள் பக்கம் திரும்பினார்.

"நம்ம மாப்ளைக்கு ரப்பர்னா சும்மா இல்லலா. அவங்கப்பன் ஆயுசு பூரா ரப்பர் மரத்தச் சொரண்டிக்கிட்டுக் கெடந்தாரு, ஒண்ணும் ஒட்டல. மவன் மிச்ச ரப்பரத் தூண்டில்ல மாட்டிக்கிட்டுச் சேத்துல அலையிறான்."

கூடாரமே சிரித்தது. ஒருவன் தண்ணீர் புரையேறும்வரை சிரித்தான்.

எங்கள் அப்பா தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்து பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனவர். கொசுக்கடியும் பால்வாடையுமாகத் திரும்பி வந்து, மத்தியானம் மாடு பார்த்தவர். என்னையும் அக்காவையும் படிக்க வைத்தவர். இந்த ஊதாச் சட்டைக்காரர் கல்யாணத்தில் போட்டுக்கொண்ட மோதிரமும் சங்கிலியும் எந்த மரத்திலிருந்து ஒழுகியதாம்? ஒண்ணும் ஒட்டலையாம்! வாய்க்கொழுப்பைப் பாருங்கள்.

என் முன்னால் இலை போட்டிருந்தது. நான் கை நனைக்கவில்லை. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று மனசுக்குள் ஒன்று முடிவு செய்தேன். அந்த வார்த்தையை அவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். தனியாக, காதோடு காதாக அல்ல. எந்தக் கூட்டாளிகள் கேட்டுச் சிரித்தார்களோ அவர்கள் காதிலும் விழ வேண்டும். அதுவரை அவர் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் இறங்காது எனக்கு.

சும்மாவும் இருக்கவில்லை. பாஜி எல்லாம் தெற்கே கல் கரைப் பக்கம் போய்விட்டது என்று தவுக்கேயிடம் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். அவர் வாயில் எதுவும் தங்காது. அடுத்த வாரம் மச்சானும் கூட்டாளிகளும் கல் கரையில் நின்று பகலெல்லாம் கெளுத்தி இழுத்தார்கள். புரையேறச் சிரித்தானே, அவன் கையில் கெளுத்தி முள் ஏறி மணிக்கட்டுவரை வீங்கிவிட்டதாம். கேட்டபோது வயிறு குளிர்ந்தது. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். ஆனாலும் போதவில்லை. கெளுத்தி குத்தினால் வார்த்தை திரும்பி வந்துவிடுமா?

காத்திருந்தேன். அடுத்த பங்குனியும் வந்தது. அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடியது.

இங்கேதான் மச்சான் தானாகவே வந்து என் கையில் மாட்டினார். எல்லோருக்கும் அனுப்பியதுபோல எனக்கும் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸாப்பில் தட்டிவிட்டார். பெண்ணுக்குத் தாய்மாமன் நான். அக்காவுக்கு ஒரே தம்பி. பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவதும், முதல் மாலை போடுவதும் நான் செய்ய வேண்டியவை. தாய்மாமனைப் பெண்ணின் அப்பா வீடு தேடிப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் தேங்காய் வைத்து, நின்று அழைக்க வேண்டும். எனக்கு வந்ததோ ஒரு பிள்ளையார் படமும், கீழே கைகூப்புகிற பொம்மையும்!

நானும் பதிலுக்கு ஒரு கைகூப்புகிற பொம்மையைத் தட்டிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தேன்.

விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. அவர்கள் கிள்ளான் பக்கத்துப் பழைய ஆட்கள், முறை பார்க்கிறவர்கள். "தாய்மாமனுக்குத் தட்டு வச்சாச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். மச்சான் முகத்தில் ஈயாடவில்லை என்று அக்காவே போனில் என் மனைவியிடம் சொன்னாள். மறுநாளே தட்டோடு கிளம்பி வந்தார். அவர் காடி எங்கள் தெருவுக்குள் திரும்புவதற்குள் நான் கோலை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். இன்னொரு நாள் வந்தார். அன்றும் நான் கடலில்.

"அந்தப் புள்ள என்னங்க பாவம் செஞ்சிச்சி?" என்றாள் என் மனைவி.

"அவ கல்யாணத்துக்கு நான் போகாம இருப்பனா? வேட்டிய இஸ்திரி போட்டு வச்சிட்டேன். ஆனா அது அந்தாளுக்கு எதுக்குத் தெரியணும்?"

"கல்லுளிமங்கன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டாலும் நான் சொன்னதை அப்படியே போனில் அக்காவிடம் சொன்னாள்: "சனிக்கெழம அவரு லுபோக்குலதான் நிப்பாராம். தட்டு குடுக்கணும்னா அங்க வரச் சொன்னாரு."

சனிக்கிழமை என்று சும்மா சொல்லவில்லை. கல் கரையில் ஏமாந்து லுபோக்குக்கே திரும்பியிருந்த அவர் கூட்டாளிகள் சனிக்கிழமைதான் வருவார்கள்.

அன்று பசியாறிவிட்டுப் போய் நின்றேன். காற்றே இல்லை. தண்ணீர் நன்றாக வற்றி, வாய்க்கால் மட்டும் மெலிதாக ஓடிக்கொண்டிருந்தது. கூட்டாளிகள் நான்கைந்து பேர் கரையோரம் நின்று, விடாமல் சுண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கும் ஒன்றும் மாட்டவில்லை. நான் வாய்க்காலின் வாயில், கெண்டைக்கால் தண்ணீரில் நின்று இரண்டு பாஜி எடுத்துவிட்டேன். வெயில் ஏறியபோது வெள்ளைக் காடி வந்து நின்றது. மச்சான் இறங்கினார். வேட்டி இல்லை, மடிப்புக் கலையாத கால்சட்டை, பளபளக்கிற சப்பாத்து. பின்னாலேயே அக்கா தட்டோடு இறங்கினாள்.

அவர் சேற்றைப் பார்த்தார். கூட்டாளிகளைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். என் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. அடிக்கட்டும் என்று வீசினேன். அந்த நேரம் பார்த்துத்தானா ஒரு பெரிய பாஜி கவ்வ வேண்டும்? கோல் வளைந்து தூண்டில் நரம்பு ஓடியது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது சனியன், விட்டால் அதன் வாயின் சொரசொரப்பே நரம்பை அறுத்துவிடும். விட்டுப் பிடித்து, வலையில் போட்டுத் திரும்பிப் பார்த்தால், பாதித் தூரம் வந்துவிட்டாள் அக்கா.

சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். தட்டை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தாள். ஒவ்வொரு அடிக்கும் சேறு அவள் காலை முழுங்கியது.

"அக்கா, நீ ஏன் வர்ற? அங்கயே நில்லு, வழுக்கும்!"

காதில் வாங்காமல் வந்து என் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது.

"தட்ட வாங்கு."

"மச்சான் குடுக்கட்டும்."

"அவரு சப்பாத்து நனையுமாம். நான் குடுத்தா வாங்க மாட்டியா?"

"அவரு அன்னிக்குச் சொன்ன வார்த்தைய எடுத்துக்கட்டும். எத்தன பேரு முன்னாடி எங்கப்பாவ அப்படி—"

"எங்கப்பாவா?" அக்காவின் குரல் அப்படி ஏறி நான் கேட்டதே இல்லை. கரையில் சுண்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எங்கப்பாவாம்ல! அப்ப எனக்கு அவரு யாரு, பக்கத்து லயத்துக்காரரா?"

நான் வலையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டேன். அவள் விடவில்லை.

"அன்னிக்கு நீ எலைய விட்டு எந்திரிச்சிப் போயிட்ட. பெரிய ரோசக்காரன். நான் எங்கடா எந்திரிச்சிப் போறது? சிரிச்சானுங்களே, அத்தன பேரு எலையையும் நான்தான் எடுத்துப் போட்டேன். ஒனக்கு அவரு ஒரு வாட்டி சொன்னாரு. எனக்குத் தாலி ஏறுன நாள்லேர்ந்து சொல்றாரு. கொழம்புல காரம் கூடுனா தோட்டத்து நாக்கு. சத்தமாப் பேசுனா லயத்துத் தொண்ட. அப்பாவுக்குக் காரியம் பண்ண அன்னிக்கு அழுதேன் பாரு, அதுக்கும் சொன்னாரு, ஒப்பாரி வச்சி மானத்த வாங்காதன்னு. நீ ஒரு வருஷமா மொறச்சிக்கிட்டு மீன் புடிச்சிக்கிட்டிருக்க. நான் அவருக்குச் சோறு போட்டுக்கிட்டிருக்கேன்."

வலைக்குள் பாஜி துள்ளியது. அக்கா அதைப் பார்க்கவே இல்லை. கரைப்பக்கம் திரும்பினாள்.

"இங்க வாங்க!"

மச்சான் அங்கிருந்தே கையை ஆட்டினார், போகலாம் வா என்று.

"வர்றீங்களா, இல்ல மாப்பிள்ள வீட்டுக்கு நானே போன் போட்டுப் பொண்ணுக்குத் தாய்மாமன் இல்ல, எங்க வீட்டுக்காரரு வாய்தான் காரணம்னு சொல்லிடட்டுமா?"

கூட்டாளிகள் இப்போது தூண்டிலைக்கூடச் சுருட்டவில்லை, அப்படியே நின்றார்கள். மச்சான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். மூன்றாவது அடியிலேயே ஒரு கால் உள்ளே போய், இரண்டு கையையும் சேற்றில் ஊன்றினார். கரையில் எவனோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஒருவனும் கை கொடுக்க வரவில்லை. அவர் எழுந்தார், நடந்தார், மறுபடி ஊன்றினார். ஒவ்வொரு அடியையும் நான் ரசித்துப் பார்த்தேன். ஒரு வருஷத்துக் கொதிப்பு உச்சந்தலையிலிருந்து இறங்குவதுபோல இருந்தது.

வந்து சேர்ந்தபோது மச்சானுக்கு முகமெல்லாம் வியர்வை.

"மாப்ள, அன்னிக்கு ஏதோ வெளையாட்டுக்குச் சொன்னது. மனசுல வச்சிக்காதலா."

"என்னாத்த வெளையாட்டுக்குச் சொன்னீங்க?"

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாமா தொழிலப் பத்தி நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்புதான்."

"அவங்களுக்குக் கேக்கல."

கழுத்து நரம்பு புடைக்க மறுபடி சொன்னார், கரைக்குக் கேட்கும்படி. "மாமாவப் பத்திப் பேசுனது தப்பு! இந்த லுபோக்கும் நீ காட்டுனதுதான்!"

கரையில் ஒருவன் அவசரமாகத் தன் தூண்டில் பெட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தான். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் கூடவே கிடைத்துவிட்டது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தட்டை வாங்க நீட்டினேன்.

அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட சொல்லிட்டீங்க" என்றாள் புருஷனிடம். "இப்ப என்கிட்ட சொல்லுங்க."

மச்சானுக்கு விளங்கவில்லை. சிரிக்கக்கூடப் பார்த்தார். "ஒன்கிட்டயா? ஒன்கிட்ட என்னாத்தச் சொல்றது? நீ வீட்டு ஆளு."

"சொல்லுங்க."

"மொதல்ல கரைக்குப் போவம். கடல் ஏறுது, பாரு."

நிஜமாகவே ஏறத் தொடங்கியிருந்தது. அந்தக் கடற்கரையில் தண்ணீர் திரும்பினால் விறுவிறுவென்று வந்துவிடும். வாய்க்கால் இப்போது கரையை நோக்கி ஓடியது. அக்காவின் சேலை ஓரம் நனைந்து மிதந்தது. அவள் நகரவில்லை.

மச்சான் என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்று. அந்தப் பார்வைக்காகத்தான் நான் ஒரு வருஷம் காத்திருந்தேன். இப்போது அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பி நின்றேன்.

முதலில் ஏதோ முணுமுணுத்தார். "எந்தெந்த வார்த்தைக்குன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா. அவர் ஒன்றைச் சொன்னார். "அப்புறம்?" என்றாள். இன்னொன்றைச் சொன்னார். பிறகு அவருடைய குரல் வேறு மாதிரி கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் சொல்லி முடித்தபோது தண்ணீர் மூன்று பேருக்கும் முழங்காலைத் தாண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் அக்கா தட்டை என் கையில் கொடுத்தாள்.